நாலு விரல் இடைவெளி

என் மனுசன் பெரிய உடம்புக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போகிற வில்லங்கம் முழுக்க அவருடைய உடம்பும் என் கையிலிருந்த அளவு நாடாவும் சேர்ந்து செய்தது. ஷெல் அடித்தவர்களைப் பற்றியும் குண்டு போட்டவர்களைப் பற்றியும் மற்றவர்கள் எழுதட்டும். எனக்குக் கோபம் என்னோடுதான். அவர் போய் இவ்வளவு வருசமாகியும் அது ஆறவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆட்கள். அவர் கடலுக்குப் போனவர். வலை இழுத்து வளர்ந்த தோள், அதற்குக் கீழே தகப்பன் வழியில் வந்த வயிறு. கலியாணத்துக்கு அவருடைய சட்டையைத் தைத்ததே நான்தான். இடுப்பு நாற்பத்தெட்டு என்று நான் எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு என் தங்கச்சி, உது மனுசனோ வள்ளமோ என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்த பிறகு அவர் லொறி ஓடப் பழகினார். ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்கியதும் நாங்கள் குருநகரை விட்டு வெளிக்கிட்டு, மானிப்பாயில், வெளிநாடு போன சொந்தக்காரர் ஒருவரின் வீட்டில் வந்து இருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொண்டுவந்த சாமான்களில் உருப்படியானது என் கால் மிசின் ஒன்றுதான்.

அது பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, புதுத் துணி கண்ணிலும் படாது. தையல்காரிக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். வேலை இருந்தது. சனம் மெலிந்துகொண்டு போனது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, சட்டை தோளால் வழிந்தது என்று பழைய உடுப்புகளைக் கொண்டுவந்து தருவார்கள், நான் பிடித்துத் தைத்துக் கொடுப்பேன். அந்த இரண்டு மூன்று வருசமும் என் மிசினில் ஓடினது முழுக்கச் சிறுப்பிக்கிற தையல்தான். ஊரே சுருங்கிக்கொண்டு போக, என் மனுசன் ஒருவர்தான் அப்படியே இருந்தார். அவர் தின்றது கொஞ்சம். என்ன செய்வது, சில உடம்பு அப்படி. ஆனால் சங்கக் கடை வரிசையில் நிற்கிற வாய்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அந்த வாய்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் ஓடினது வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் லொறி. பருத்தித்துறையில் கப்பலில் வந்து இறங்குகிற மருந்துப் பெட்டிகளையும் மாவையும் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நிவாரணச் சாமான் ஓடுகிறவன் கொழுத்துத்தான் இருப்பான் என்று என் காதுபடவே கதைத்தார்கள். நான் விடுகிற ஆளில்லை. ஒருநாள் ஒருத்தியின் அரிசிப் பையைப் பிடித்து இழுத்துக் கேட்டே விட்டேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அதற்கும் அவரோடு கோபித்தேன்.

என் பயம் வல்லை வெளி. அச்சுவேலிப் பக்கம் தாண்டிப் பருத்தித்துறைக்குப் போகிற பாதையில் வருகிற வெட்டை அது. ஒரு மரம் இல்லை, ஒரு மதில் இல்லை. மேலே ஹெலி வந்தால் லொறியை விட்டு இறங்கி எங்கே ஓடுவது? வீட்டிலென்றாலும் அதே கதைதான். வளவுக்குப் பின்னால் வெட்டியிருந்த பங்கரின் வாய்க்குள் அவர் நுழையமாட்டார். ஒருதரம் இறங்கி நடுவில் இறுகிப்போய், நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கைபிடித்து இழுத்து எடுத்தோம். அதற்குப் பிறகு ஷெல் வந்தால் நான் பங்கருக்குள், அவர் மாமரத்துக்குக் கீழே. உள்ளே இருந்துகொண்டு, உயிரோடு இருக்கிறாரா என்று அறிய நான் கூப்பிடுவேன். ஓம், ஓம் என்று அவர் சத்தம் வைப்பார். நான் பெரிய பக்திக்காரி இல்லை, ஆனால் அந்த ஓம் கேட்கும் வரைக்கும் செபமாலை கையில் ஓடும்.

நிறுவனத்து லொறி ஒன்றின் முன் கண்ணாடியை ஷெல் துண்டு உடைத்துக்கொண்டு போன பிறகு, ஓட்டிகளுக்குக் கவசச் சட்டை வந்தது. துண்டு துளைக்காத தகடு மாதிரி ஒரு தடித்த பலகை முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. இரண்டையும் துணி உறைக்குள் போட்டுத் தோளிலும் பக்கத்திலும் பட்டியால் பிணைத்துக் கட்ட வேண்டும். மற்ற ஓட்டிகளுக்கு அன்றே கொளுவிவிட்டது. இவருக்குப் பக்கத்துப் பட்டிகள் எட்டவேயில்லை. என்ரை மனிசி தைப்பா என்று சொல்லிவிட்டு வந்து அடுத்த நாள் என்னையும் நிறுவனத்துக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சாமான் அறைக்குப் பொறுப்பாய் ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க, பென்சன் எடுத்த கிளாக்கர் ஒருவர். இரண்டு அளவில் சட்டை இருந்தது, நடுத்தரம் ஒன்று, ஆகப் பெரியது ஒன்று. அந்தப் பெண் நடுத்தரத்தைத்தான் எடுத்து அவருடைய நெஞ்சிலே வைத்தாள். வயிற்றுக்கு மேலேயே அது முடிந்துவிட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்தப் பெரிய மனுசனுக்குச் சின்னப்பிள்ளையின் பூணாரம் மாதிரி ஒன்றை மாட்டி அனுப்பப் பார்க்கிறாளே என்று, பெரியதைத்தான் தரவேண்டும், வயிற்றையும் மூடவேண்டும் என்று நின்றேன். அவள் என்னவோ நீளமாகச் சொன்னாள். கிளாக்கர் ஐயா அதில் பாதியைத்தான் தமிழில் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். வயிற்றில் பட்டால் காப்பாற்ற நேரம் இருக்கும், நெஞ்சில் பட்டால் இராது, அதனால் நெஞ்சுக்குப் பொருந்துகிறதைத்தான் எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கட்டினவளுக்கு முன்னால் அந்தக் கதையை எப்படி எடுப்பது என்று அவர் விழுங்கிவிட்டார். நல்ல மனுசன்தான். நானும் அவருடைய இடத்தில் நின்றிருந்தால் விழுங்கித்தான் இருப்பேன்.

அதுக்கு மேல் நடந்ததுதான் என் கூத்து. சரி, பெரியதையே போடட்டும் என்று மாட்டிவிட்டு, அந்தப் பெண் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்து, இருக்கச் சொன்னாள். கிளாக்கர் நிற்கிறார், அவள் நிற்கிறாள், நான் நிற்கிறேன். சம்பளம் வாங்குகிற ஆள் அவர்களுக்கு முன்னால் கதிரையில் இருக்கிறதா? அவர் முழங்காலை மடக்கத் தொடங்கினதை நான் கண்டேன். கண்ணாலே ஒரு பார்வை பார்த்தேன். அவர் நிமிர்ந்துவிட்டார். பரவாயில்லை, பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மூன்று தரம் கதிரையைக் காட்டினாள். மூன்று தரமும் அவர் நின்றார். என் மனுசனுக்கு மரியாதை தெரியும் என்று எனக்குப் பெருமை.

பெரிய சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்தேன். உள்ளே இருக்கிற பலகையில் ஊசி படக்கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள், உறையை மட்டும்தான் தொடலாம். பக்கத்துப் பட்டிகளை வெட்டி எடுத்துவிட்டு, அவருடைய வள்ளத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்திருந்த பாய்ச்சீலையில் அகலமாய்ப் புதுப் பட்டி செய்து, வலை பொத்துகிற நைலோன் நூலால் கையாலேயே தைத்தேன். இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் கொடுத்திருந்தார்கள், காயத்துக்குக் கட்டுகிற பஞ்சுப் பொதி, டோர்ச், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அதிலே தொங்கும். மெலிந்த ஆட்களுக்கு அது இடுப்பெலும்பில் நிற்கும். இவருக்கு எலும்பு எங்கே இருக்கிறது? வயிறு தள்ளித் தள்ளிப் பெல்ட் கீழே இறங்கிவிடும், பாரமெல்லாம் நாரியில், இடுப்புக்குப் பின்னால், விழும். அதற்கும் இரண்டு தோள்வார் தைத்துப் பாரத்தைத் தோளுக்குக் கொண்டுவந்தேன். வலை சுமந்த தோள், அதற்கு அது ஒரு பாரமே இல்லை.

லொறியை அவர் எங்கள் வளவு மாமரங்களுக்குக் கீழேதான் விடுவார், மேலேயிருந்து தெரியாது. காலையில் அந்த மரத்தடியில் நான் பட்டிகளைக் கட்டிவிடுவேன். நெற்றியில் சிலுவை போட்டுவிடுவேன். அவர் ஏறிப் போவார். இப்படி ஒரு மாசம் போனது. உறையைக் கழற்றித் தோய்க்க எடுத்தபோதுதான் பார்த்தேன், உட்புறத்தில் வேர்வை இல்லை. அவருடைய சட்டையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும், அப்படி வேர்க்கிற மனுசன். உறை மட்டும் கடையில் வாங்கினது போலக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. உதைப் போடுறியளோ?"

"போடுறன்தானே."

"போட்டா வேர்வை எங்கை?"

அவருக்குப் பொய் வராது. தலையைச் சொறிந்தார். "ஆனைக்கோட்டை தாண்டும் மட்டும் போடுறனப்பா. பிறகு ஏலாது. இருந்தா வயிறு அதைத் தள்ளி, மேல் விளிம்பு தொண்டையிலை வந்து குத்துது. நிண்டாச் சரி. நிண்டுகொண்டு லொறி ஓட ஏலுமே, சொல்லு பாப்பம்."

அன்றைக்குத்தான் அவரை மிசின் ஸ்டூலில் இருத்தி அளந்தேன். இருபது வருசமாய்த் தைக்கிறேன், ஒரு ஆளையும் இருத்தி அளந்ததில்லை. நிற்கிற உடம்பு வேறு, இருக்கிற உடம்பு வேறு என்று அப்போதுதான் விளங்கியது. தொண்டைக் குழிக்கும் மடியில் ஏறி நிற்கிற வயிற்றுக்கும் இடையில் இருந்தது ஒரு சாண் சொச்சம். நடுத்தரச் சட்டைதான் அதற்குச் சரி. அந்த வெள்ளைக்காரப் பெண் முதலில் எடுத்தது சரி. கதிரையை ஏன் வைத்தாள் என்று நினைத்தபோது எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

பெரியதைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். நடுத்தரத்தில் பலகை ஒடுக்கம், அதனால் இரண்டு கைக்கும் கீழே, முன் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவில், நாலு விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை, வெறும் பாய்ச்சீலைப் பட்டி மட்டும். பெரிய உடம்புக்கு அது இருக்கத்தான் செய்யும், நாலு விரலுக்குள் நின்றால் பயமில்லை, அதற்கு மேலே விடாதே என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்த முறை கிளாக்கர் ஒன்றையும் விழுங்கவில்லை. என் மனுசன் அதைப் போட்டுக்கொண்டு லொறியில் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார், நான் மிதிபலகையில் ஏறி நின்று தொண்டையடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். தாராளமாய்ப் போனது. அதன்பிறகு அவர் கழற்றவில்லை. உறையில் வேர்வை மணத்தது. கேள்விப்பட்டு மற்ற இரண்டு ஓட்டிகளும் தங்களுடையதைத் திருத்தக் கொண்டுவந்து தந்தார்கள். எனக்குத் தலைக்கனம் பிடித்தது. சட்டையில் ஒரு குறையென்றால் நூலும் ஊசியும் எடுத்தால் தீரும் என்று நினைத்தேன்.

தை மாசம் அவருடைய சுற்றளவு ஐம்பது. அது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் ஐம்பதில்தான் நாலு விரல் வந்தது. மாசிக் கடைசியில் பட்டி இறுக்குது என்று சொன்னார். அளந்தேன், ஐம்பத்தொன்றரை. பட்டியைப் பிரித்துத் தள்ளித் தைத்தேன். நாலு விரல் ஐந்து விரலானது. சித்திரையில் திரும்ப இறுக்கியது, ஐம்பத்துமூன்று. ஐந்து விரல் ஆறு விரலானது. கையைத் தூக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தால் விலா முழுக்கத் தெரிந்தது. அதுக்குள்ளாலே ஒரு துண்டு போனால்? அந்த இடைவெளி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. சமைக்கும்போதும் அதுதான், கோயிலில் முழங்காலில் நின்றாலும் அதுதான்.

பலகையைப் பெருப்பிக்க முடியாது. அப்போ மனுசனைச் சிறுப்பிக்க வேண்டும். ஊர் முழுக்கச் சோறில்லாமல் மெலிகிறது, இவர் ஒருவரை மெலிய வைக்கிறது பெரிய வேலையா என்று நினைத்தேன். காலையில் கஞ்சி ஒரு கோப்பை, அதுவும் உப்புப் போட்ட தண்ணீர்தான். மத்தியானம் கொண்டுபோக ஒன்றும் கட்டிக் கொடுக்கவில்லை. பின்னேரம் ஒரு அகப்பைச் சோறு, கருவாட்டுத் துண்டு ஒன்று. அவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காணும், காணும் என்று எழும்புவார். எனக்குக் கை அகப்பைக்குப் போகும். ஆனாலும் போடவில்லை.

அப்படி இருந்தும் கூடியது. வைகாசி நடுவில் அளந்தேன், ஐம்பத்து நாலரை. நான் நாடாவை இரண்டாம் தரமும் போட்டுப் பார்த்தேன். நாடா பிழைக்காது. அப்போ மனுசன் பிழை.

வேறு விசயங்களும் நடந்துகொண்டுதான் இருந்தன. செருப்பு கடிக்குது என்று வாரை வெட்டிவிட்டார். கிணற்றில் இரண்டு வாளி அள்ளிவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாயில் படுக்க மாட்டாராம், வெக்கையாம், சாய்மனைக் கதிரையிலேயே இருந்தபடி நித்திரை கொண்டார். எல்லாம் கொழுப்புச் செய்கிற வேலை என்று நான் தீர்த்துவிட்டேன். தையல்காரியின் கண் அங்குலத்தைத்தான் பார்க்கும். அங்குலம் கூடினால் கொழுப்புக் கூடுகிறது. இருபது வருசம் எனக்கு அப்படித்தானே தெரியும்.

அந்த நேரம் பார்த்து வரிசையில் நின்ற ஒருத்தி, உங்கடை மனுசன் துறைமுகத்திலை நல்லாச் சாப்பிடுறார் போலை என்று சிரித்தாள். முன்பென்றால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்று பேசாமல் வந்தேன். வழி நெடுக அந்தச் சொல் என்னை அரித்தது. அவள் சொல்கிறது சரியோ? வீட்டில் பட்டினி போட்டும் எப்படி இது கூடும்? நான் ஒவ்வொரு நாளும் சாகிறேன் இங்கே, இந்த மனுசன் ஒரு வாய்ச் சோற்றுக்காக விலாவைத் திறந்துகொண்டு வல்லை வெளிக்குள்ளே போகிறாரே.

அவர் வந்து லொறியால் இறங்கி, மரத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். நான் பட்டியை அவிழ்க்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"எனக்குத் தெரியாமல் எங்கை தின்னுறியள்?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய முகம் விழுந்தது. "நான் ஒரு இடத்திலையும் தின்னேல்லையப்பா" என்றார்.

நான் நம்பவில்லை. நாடா பொய் சொல்லுதோ என்று கேட்டேன். நீங்கள் செத்தால் நான் இந்த ஊரில் ஆரோடை இருக்கிறது, அதை நினைச்சீங்களோ என்று கேட்டேன். இன்னும் என்னவெல்லாமோ கேட்டேன், அதையெல்லாம் இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. அவர் தானே பட்டியை அவிழ்த்தார், குனிய முடியாமல் ஒரு பக்கமாய்ச் சரிந்து சட்டையை நிலத்தில் வைத்தார். அந்தப் பின்னேரம் நான் போட்ட சோற்றில் பாதியை மிச்சம் விட்டுவிட்டு எழும்பினார். கள்ளத்தீன் தின்றவனுக்குப் பசி எங்கே வரும் என்று அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு இறுக்குது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நான் கட்டும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், பட்டி எட்டிவிடும். பார்த்தீங்களோ, குறைஞ்சிட்டுது என்று நான் சந்தோசப்பட்டேன். ஓம் என்றார்.

இரண்டு கிழமை போகவில்லை. ஒரு முற்பகல், கேற்றடியில் சைக்கிள் வந்து நின்றது. லொறியில் அவரோடு போகிற உதவியாள், அவரைவிட மூத்த மனுசன். முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மிசினை விட்டு எழும்பி ஓடினேன்.

"எந்தப் பக்கத்திலை பட்டது? கைக்குக் கீழையோ?"

"ஒரு பக்கத்திலையும் படேல்லைத் தங்கச்சி. வெடியுமில்லை, ஹெலியுமில்லை. வல்லை வெளி தாண்டி வந்து, லொறியை ஓரமா விட்டிட்டு, மூச்செடுக்க ஏலாமக் கிடக்கெண்டு சொன்னவர். பிறகு ஸ்டேரிங்கிலை சாய்ஞ்சிட்டார். நாங்கள் ஆஸ்பத்திரியிலை விட்டிட்டம்."

சைக்கிள் பாரில் இருந்துகொண்டு போனேன். போகிற வழி முழுக்க, படவில்லை, படவில்லை என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனேன். என்ன விசரி நான்.

வாட்டில் அவரைத் தலையணைகளில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். டொக்டர் இளம் பெடியன்தான், நித்திரை இல்லாத கண். அவருடைய காலைப் பிடித்து, முன்னெலும்பின் மேல் பெருவிரலை வைத்து அமத்தி எடுத்தார். அமத்தின இடம் குழியாய் அப்படியே நின்றது. வயிற்றிலும் தட்டிப் பார்த்தார். பிறகு என்னை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். இதயம் பலவீனப்பட்டுவிட்டது, உடம்பில் நீர் நிற்கிறது, காலில், வயிற்றில், இப்போது சுவாசப்பையிலும். உப்பு ஆகாது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால்தான் இருந்துகொண்டு நித்திரை கொண்டிருக்கிறார்.

"அப்ப உது கொழுப்பில்லையோ?" என்று கேட்டேன்.

"கொழுப்பில்லை அம்மா. தண்ணி. சாப்பாடு இல்லாமல் உடம்பு மெலிஞ்சுதான் கிடக்கு, மேலாலை தெரியேல்லை."

நீரை வெளியே எடுக்கிற குளிசை இல்லையா என்று கேட்டேன். தடையில் எல்லாம் நின்றுபோன காலம், இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அப்படிச் சொல்லியிருந்தால் யாரையாவது திட்டியிருப்பேன். இருக்கிறது என்றார். மாசியில்தான் கப்பலில் வந்தது, அந்தப் பெட்டிகளை இவருடைய லொறிதான் கொண்டுவந்து இறக்கியது. அப்போதே வந்து காட்டியிருந்தால் குளிசையோடு போயிருக்கும், இப்போது ஊசியால் ஏற்றுகிறோம், பார்ப்போம் என்றார்.

பிறகு கட்டிலடிக்கு வந்து கடதாசித் துண்டில் எழுதத் தொடங்கினார். எவ்வளவு காலமாய் இப்படி ஊதிக்கொண்டு வந்தது, கிட்டமுட்டச் சொன்னால் போதும் என்றார். நான் கிட்டமுட்டச் சொல்லவில்லை. தையில் ஐம்பது, மாசிக் கடைசியில் ஐம்பத்தொன்றரை, சித்திரையில் ஐம்பத்துமூன்று, வைகாசி நடுவில் ஐம்பத்து நாலரை. வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. டொக்டர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு வடிவா ஆர் அளந்து வைச்சது?"

கட்டிலிலிருந்து அவர்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்தார், ஆனாலும் சொன்னார்.

"என்ரை மனிசி, டொக்டர். நல்ல தையல்காரி. அளவெண்டா அவவுக்குப் பிழைக்காது."

நான் விறாந்தைக்குப் போய்ச் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கை தின்னுறியள் என்று கேட்ட வாயாலே அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் காலிலே விழுந்தாவது கேட்க வேண்டும். வந்து பார்த்தால் அவர் கண்ணை மூடியிருந்தார். ஊசி மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். பாவம், மாசக்கணக்காய் ஒழுங்காய் நித்திரை கொள்ளாத மனுசன், கொள்ளட்டும், எழும்பினதும் கேட்பம் என்று சத்தம் போடாமல் பக்கத்தில் இருந்தேன். ஈ வந்து முகத்தில் இருந்தது, கையால் கலைத்துவிட்டேன். நேர்ஸ் பிள்ளை வந்து அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும் வரைக்கும் அப்படியேதான் இருந்தேன்.